இரண்டு கடனையும் ஒன்றாக்குவது பற்றி

கல்கத்தா – 29
16.7.2006

அன்புள்ள ஸ்ரீநாத்துக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே சௌக்கியம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், அதனால் எழுதிவிட்டேன். அங்கே நீ சௌக்கியமா என்று கேட்பதும் வழக்கம். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீதான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருக்கிறாய்.

போன வருஷம் பொங்கலுக்குப் போன் செய்தாயே, கம்பெனியை மூடிவிட்டார்கள், வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன், அடுத்த மாதத்திலிருந்து மறுபடி தவணை கட்டிவிடுகிறேன் என்று. அதற்கப்புறம் உன் குரலைக் கேட்கவில்லை. அந்த நம்பருக்குப் போட்டால் ஒரு அமெரிக்காக்காரி ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். உன் தங்கை சுபிக்ஷா ஈமெயில் அனுப்பி அனுப்பி அலுத்துவிட்டாள். ஆகையால் நான் காகிதத்தில் எழுதி, உன் சிநேகிதன் சாய்ராம் விலாசத்துக்கு அனுப்புகிறேன். ஜாதவ்பூரில் உன்னோடு படித்து, உனக்கு முன்னால் அந்த ஊருக்குப் போன பையன், உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். இதுவரை ஒரு கடிதமும் திரும்பி வரவில்லை. திரும்பி வராதது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே மழை கொட்டித் தீர்க்கிறது. சந்து முழுக்கத் தண்ணீர். உன் அப்பா பாண்ட்டை மடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பால் வாங்கப் போகிறார். கிடர்பூர் துறைமுக ஆபீசுக்குப் போன காலத்தில் இதே மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நின்ற மனுஷர்தான், ஆனால் அப்போது வயசு இருந்தது. இப்போது ஒரு மழைக்கு ஒரு வாரம் இருமுகிறார். டாக்டரிடம் போகலாம் என்றால் காது கேட்காத மாதிரி பேப்பர் படிக்கிறார். அந்த சாமர்த்தியம் உனக்கும் அப்படியே வந்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பேங்கிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. உன் படிப்புக் கடனுக்கு ஒன்று, சுபிக்ஷாவின் படிப்புக் கடனுக்கு ஒன்று, உனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட வேதாச்சலம் மாமாவுக்கு ஒன்று.

அவர் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நம் வீட்டுக்கு வந்தார். லேக் மார்க்கெட்டில் அந்த மளிகைக் கடை பகலில் சாத்தி நான் பார்த்ததே இல்லை. நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார், மூலை வெளியே தெரிந்தது, ஆனால் எடுக்கவே இல்லை. எப்போதும் போலக் காப்பிப்பொடிப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். சார் ஒரு தடவை பேங்குப் பக்கம் போய் என்ன ஏதுன்னு பாத்துட்டு வந்தா நல்லாயிருக்கும் என்றார், அவ்வளவுதான். காப்பி கலந்து கொடுத்தேன். கையில் வாங்கினார், குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார். எனக்கு அந்த டம்ளரைக் கழுவவே மனசு வரவில்லை. நீ மேல்படிப்புக்குப் போகிறாய் என்றதும், சொந்தக்காரர்கள் எல்லாம் ஆளுக்கொரு சாக்குச் சொன்னபோது, நம் பையன் படிக்கட்டும் சார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். உனக்கும் அது ஞாபகம் இருக்கும்.

மறுநாள் நானும் அப்பாவோடு பேங்குக்குப் போனேன். உன் கடனுக்கு நோட்டீஸ் வந்தால் புரிகிறது. சுபிக்ஷா பெங்களூரிலிருந்து மாதா மாதம் தவறாமல் தன் தவணைப் பணத்தை அப்பா கணக்குக்கு அனுப்புகிறாளே, அவளுக்கு எதற்கு நோட்டீஸ்? இதைத்தான் மேனேஜர் மொய்த்ரா பாபுவிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

நடந்தது இதுதான். உன்னிடமிருந்து பணம் வராத முதல் சில மாதங்கள் அப்பா பென்ஷனிலிருந்து கட்டியிருக்கிறார். அது முடியாமல் போனதும், சுபிக்ஷா அனுப்புகிற பணத்தில் பாதியை அவள் கணக்கிலும் பாதியை உன் கணக்கிலும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை. கடையிலிருந்து ஒரு சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்தாலும் கத்தியை எடுத்து உங்கள் இரண்டு பேருக்கும் சரிபாதி வெட்டுகிறவர் ஆயிற்றே. கவுண்டரிலும் அதையே செய்திருக்கிறார். பேங்குக்கு அது புரியுமா? முழுத் தவணை விழாவிட்டால் இரண்டும் பாக்கிதான். ஒரு கடனாவது ஒழுங்காக இருந்திருக்கும், இப்போது இரண்டும் கெட்டுப்போய் நிற்கிறது. ரிக்ஷாவில் திரும்பி வரும்போது அவரை நன்றாகத் திட்டினேன். ஒரு குழந்தை கணக்கில் போட்டுவிட்டு இன்னொரு குழந்தை கணக்கில் ஒண்ணுமே போடாமல் எப்படி வருவது என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை.

மொய்த்ரா பாபு ஒரு வழி சொல்லியிருக்கிறார். இரண்டு படிப்புக் கடனையும் முடித்துவிட்டு, நம் பிளாட்டை அடமானமாக வைத்து ஒரே கடனாக மாற்றிக்கொள்ளலாமாம். வட்டி கொஞ்சம் குறையும். மாதம் ஒரே தவணை. வேதாச்சலம் மாமாவின் ஜாமீனும் விடுபட்டுவிடும். ஆனால் புதுக் கடன் சுபிக்ஷா பெயரிலும் அப்பா பெயரிலும்தான் இருக்கும், சம்பளம் வருகிறது அவளுக்குத்தானே. வருஷக் கணக்கில் நீளும், அவளுக்குத் தலை நரைக்கிற வரையில் கட்ட வேண்டியிருக்கும். படிப்புக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கிடைக்கிற சலுகையும் போய்விடும். தவணை தவறினால் வீட்டின் மேல் கை வைப்பார்கள்.

அப்பா உடனே சரி என்றுவிட்டார். சுபிக்ஷா போனில் முதலில் அழுதாள், அப்பா செய்ததற்காக. பிறகு அவளும் சரி என்றாள். ஆனால் பிளாட் என் பெயரில் இருக்கிறதே. ரிட்டையர் ஆன பணத்தில் வாங்கும்போது உன் பெயரில் இருக்கட்டும் நாகலட்சுமி, ராசி என்று அப்பா சொன்னார், இப்போது அந்த ராசி என் கழுத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் கையெழுத்துப் போடாமல் நடக்காது. ஸ்ரீநாத்தைக் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன் கடனை உன் தங்கை தலையில் கட்டுவதற்கு முன்னால் நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? உன்னால் முடியும் என்றால் முடியும் என்று சொல். முடியாது என்றால் அதையாவது சொல்.

வேலை போனது ஒரு குற்றமில்லை. அதை நான் யாரிடமும் குற்றமாகச் சொன்னதில்லை. வேளைக்குச் சாப்பிடு. குளிர் காலத்துக்கு நல்ல பூட்ஸ் வைத்திருக்கிறாயா? பதில் எழுது.

அன்புடன்,
அம்மா


கல்கத்தா – 29
5.10.2006

அன்புள்ள ஸ்ரீநாத்துக்கு,

ஆசீர்வாதம். நவராத்திரியும் பூஜையும் முடிந்து ஊர் அடங்கியிருக்கிறது. நம் தெரு முனையில் பந்தலைப் பிரிக்கிறார்கள், மூங்கில் மூங்கிலாகத் தரையில் போடுகிற சத்தம் காலையிலிருந்து. உன்னிடமிருந்து பதில் வரவில்லை. போன கடிதமும் திரும்பி வரவில்லை.

கொலு வைத்தேன். வேண்டாம் என்றுதான் இருந்தேன், சுபிக்ஷா லீவில் வருகிறேன் என்றதும் வைத்தேன். படியைக் குறைத்துவிட்டேன், பரண் மேல் ஏறிப் பொம்மைப் பெட்டியை இறக்க அப்பாவால் முடியவில்லை. சரஸ்வதி பூஜையன்று உன் பழைய இன்ஜினீயரிங் புஸ்தகம் ஒன்றைத்தான் வைத்தேன். சுபிக்ஷாதான் அதற்குப் பூ வைத்தாள்.

அவள் மெலிந்துவிட்டாள். கம்பெனியில் சாப்பாடு போடுகிறார்கள் என்கிறாள், போட்டு என்ன, இவள் சாப்பிட வேண்டுமே. பெங்களூரில் மூன்று பெண்களோடு ஒரு அறையில் இருந்தாள் அல்லவா, இப்போது ஐந்து பேராம். வாடகை குறையும் என்று அவளே இடம் மாறிக்கொண்டிருக்கிறாள். அப்பா பங்கு போட்டுக் கெடுத்த பாக்கியை அவள்தான் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறாள். அவளுடைய கடன் ஏறக்குறைய சரியாகிவிட்டது. உன்னுடையது அப்படியே நிற்கிறது.

சென்னையிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம்தான். அந்த மாமி போனில் ரொம்ப மரியாதையாகப் பேசினாள். பேசி முடித்துவிட்டு, படிப்புக்கு லோன் ஏதாவது இருக்கோ, கல்யாணத்துக்கு அப்புறம் அது யார் பொறுப்பு என்று கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். இவளுடைய லோன் மட்டும் என்றால் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கலாம். அண்ணாவின் லோனும் சேர்ந்து இவள் பெயரில் வரப்போகிறது என்று எந்த வாயால் சொல்வது? பால் பொங்குகிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

இதனால்தான் ஒன்றாக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை என்று சொன்னேன், வீடு போய்விட்டால் இந்த வயசில் எங்கே போவது என்று சொன்னேன், வட்டி மொத்தத்தில் அதிகமாகும் என்று சொன்னேன். எல்லாம் நியாயமான காரணம்தான். அஷ்டமியன்று இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் சுபிக்ஷா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். கல்யாணத்துக்கு அவசரமில்லை என்றாள். வீட்டுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நான் மறுபடியும் ஆரம்பித்தேன். அப்போது அவள் சொன்னாள்:

“அம்மா, வட்டியைப் பத்தி நீ கவலைப்படலே. அவன் பேரை அந்தப் பேப்பர்லேர்ந்து எடுத்துட்டா அவனே இல்லாமப் போயிடுவானோன்னு பயப்படறே. அதைச் சொல்லு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். மறுநாள் சுண்டலுக்கு ஊறப்போட்ட கடலையை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டே நின்றேன். அப்பா வந்து குழாயை மூடினார். அவள் சொன்னது உண்மை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் அதுவரை தெரியவில்லை.

நீ இதைக் கேட்டால் சிரிப்பாய். ஆனால் யோசித்துப் பார். உன் பெயருக்கு இந்த வீட்டுக்கு முன்னெல்லாம் எவ்வளவு தபால் வரும், காலேஜிலிருந்து, விசா ஆபீசிலிருந்து, அந்தப் பத்திரிகை இந்தப் பத்திரிகை என்று. இப்போது உன் பெயர் போட்டு வருவது அந்த நோட்டீஸ் ஒன்றுதான். தபால்காரர் கீழேயிருந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். திட்டுகிற காகிதம்தான், இருந்தாலும் உனக்கு எழுதுகிறார்கள். நீ இருக்கிறாய், பதில் சொல்வாய் என்று நினைத்து எழுதுகிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது. வேதாச்சலம் மாமாவின் மனைவி ராஜம்மா வெற்றிலை பாக்குக்கு வந்தாள். நோட்டீஸ் வந்ததிலிருந்து நான் அவர்கள் கடைக்குப் போவதில்லை. காப்பிப்பொடியைக் கரியாஹாட்டில் வாங்குகிறேன், வாயில் வைக்க வழங்கவில்லை. அவளைக் கொலுவுக்குக் கூப்பிடவும் கூச்சமாக இருந்தது, அவளாகவே வந்தாள். வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, குங்குமம் வைத்துக்கொண்டே சொன்னாள். அவர்கள் பெண் சரிதாவுக்கு நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்ததாம். படிப்புக் கடனுக்குப் போட்டிருக்கிறார்கள். அப்பா ஜாமீன் போட்ட கடன் பாக்கியில் நிற்கிறது, அதனால் உங்களுக்குத் தர முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இடம் போய்விட்டது. இவ்வளவு நாளும் அந்த மனுஷர் ஒரு வார்த்தை நமக்குச் சொல்லவில்லை.

ராஜம்மாவுக்குக் கோபமே இல்லை, ஸ்ரீநாத். கோபித்துக்கொண்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். “உங்க பையன் எங்க இருந்தாலும் நல்லாயிருக்கட்டும் மாமி. எங்க பொண்ணும் படிக்கணும்ல?” என்றாள். அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

அடுத்த வருஷம் அந்தப் பெண் மறுபடி முயற்சி செய்யப் போகிறாளாம். அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வர வேண்டும். நீ சொல்லாமல் எப்படி வருவேன் என்று தெரியவில்லை. உனக்குக் கோபமா, வெட்கமா, உடம்பு சரியில்லையா, எதுவும் தெரியாமல் நான் யாருக்காகப் பிடிவாதம் பிடிக்கிறேன்?

விஜயதசமியன்று உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். பகவான் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா


கல்கத்தா – 29
19.1.2007

என் கண்ணே ஸ்ரீநாத்,

நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லி ஆரம்பிக்கிறேன். பொங்கலுக்கு நீ போன் செய்வாயோ என்று அன்று முழுக்க நான் கூடத்தை விட்டு நகரவில்லை. ஒரு தடவை மணி அடித்தது. சாய்ராம்.

அவனிடம் இந்தத் தடவை விடாப்பிடியாகக் கேட்டேன். பாவம், குழந்தை தடுமாறிவிட்டான். உன்னை அவன் கடைசியாகப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறதாம். நீ வேறு ஏதோ ஊருக்குப் போய் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை செய்வதாக யாரோ சொன்னார்களாம். என் கடிதங்களை அந்த விலாசத்துக்குத்தான் அவன் அனுப்பிக்கொண்டிருக்கிறான். நீ எடுத்துக்கொள்கிறாயா என்று அவனுக்குத் தெரியாது. அங்கே போன் செய்தால் அப்படி ஒருவர் இங்கே இருந்தார் என்கிறார்களாம், எப்போது போனார் என்றால் ஆள் மாறிவிட்டது, தெரியாது என்கிறார்களாம். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க எழுதறதை நிறுத்திடுவேளோன்னு பயமா இருந்தது மாமி என்றான். நான் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. நிறுத்தவும் மாட்டேன்.

இதை அப்பாவிடம் முழுக்கச் சொல்லவில்லை. நீ ஊர் மாறியிருக்கிறாய் என்று மட்டும் சொன்னேன். அவர் குளிருக்கு மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தார். வங்காளிகளோடு முப்பது வருஷம் இருந்து வந்த பழக்கம், கொஞ்சம் காற்று அடித்தால் குல்லாய். மாறினால் நல்லதுதான், வேலை கிடைச்சிருக்கும் என்றார். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை. இருமல் அப்படியேதான் இருக்கிறது.

அதற்கு முன்னாலேயே நான் முடிவு செய்துவிட்டேன். அதைச் சொல்கிறேன். மார்கழியில் ஒரு நாள் கரியாஹாட் காப்பிப்பொடி தீர்ந்துபோயிற்று, அந்தத் தண்ணியை இனிமேல் குடிக்க முடியாது என்று அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்து சொல்லிவிட்டார். சரி என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு லேக் மார்க்கெட்டுக்குப் போனேன். கல்லாவில் சரிதா உட்கார்ந்திருந்தாள். காலேஜுக்குப் போகவில்லையா என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரித்த முகத்தோடு பொடியை அரைக்கச் சொல்லி, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, ஸ்ரீநாத் அண்ணா எப்படி இருக்காரு மாமி, அங்கெல்லாம் இப்ப பனி விழுமில்ல என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை, அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. நன்றாக இருக்கிறான் என்று சொன்னேன். எதுவும் நிச்சயமாகத் தெரியாமல் சொல்கிறேன் என்று எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. உன் பெயர் ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பெண்ணைக் கல்லாவில் உட்கார வைத்திருக்கிறேன். நேராக வீட்டுக்கு வந்து, பத்திரத்தை எடுங்கோ என்று அப்பாவிடம் சொன்னேன்.

சுபிக்ஷா பொங்கலுக்கு வந்தாள். நேற்று மூவரும் பேங்குக்குப் போனோம். சென்னை வரனுக்கு அவளே போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம், அவர்களும் நல்லபடியாகவே ஒதுங்கிக்கொண்டார்கள். என்னிடம் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாள். பக்கம் பக்கமாக அவள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுபிக்ஷாவுக்கு நாம் ஒன்றும் செய்யவில்லை ஸ்ரீநாத், நீயும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. அவள் உன்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அப்பாவைப் பார்த்து, இனிமேல் பாதி பாதி போட முடியாது, ஒண்ணுதான் இருக்கு என்று கேலி செய்தாள். அப்பாவும் சிரித்தார்.

நானும் போட்டேன். பத்திரத்தை மொய்த்ரா பாபு வாங்கி உள்ளே வைத்தார். வேதாச்சலம் மாமாவுக்கு ஜாமீன் விடுபட்டதாக ஒரு காகிதம் தந்தார், சாயங்காலமே அப்பா போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மாமா அதைப் படிக்காமலே கல்லாவில் போட்டுவிட்டு, உட்காருங்க சார் காப்பி சாப்பிட்டுட்டுப் போலாம் என்றாராம். அப்பா சாப்பிட்டுவிட்டு வந்தார்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, ஸ்ரீநாத் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மேனேஜரைக் கேட்டேன். அவனுடைய கடனும்தானே இதில் சேருகிறது, அவன் சம்மதம் வேண்டாமா, நான் தபாலில் அனுப்பி வாங்கித் தருகிறேன் என்று மார்க்கெட்டில் கற்ற என் வங்காளியில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஓர் ஷோய் லாக்பே நா, மாஷிமா” என்றார். அவன் கையெழுத்து தேவையில்லையாம். உன் கடன் முழுக்கத் தீர்ந்துபோயிற்று. இனி உன் பெயரில் அங்கே ஒன்றுமில்லை. நோட்டீஸும் வராது.

தேவையில்லை என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். அப்பா என் தோளைத் தொட்டு வா என்றார். அவன் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரு காகிதம் கொடுங்கள், உங்களுக்கு வேண்டாம், எனக்கு வேண்டும் என்று கேட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். சுபிக்ஷா தலையைக் குனிந்துகொண்டாள். மொய்த்ரா பாபு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டரில் தானே தட்டி, ஒரு பக்கம் அச்சடித்து எடுத்து, என் முன்னால் இரண்டு கையாலும் வைத்தார். இரண்டு கடனையும் ஒன்றாக்குவதில் எனக்குச் சம்மதம் என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. கீழே உன் பெயர். அதற்கு மேல் கையெழுத்துக்கு ஒரு கோடு.

அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உள்ளே நம் வீட்டு விலாசம் எழுதிய கவரும் இருக்கிறது. அந்த ஊர் ஸ்டாம்ப் எனக்குக் கிடைக்காது, அதை மட்டும் நீ வாங்கி ஒட்ட வேண்டும்.

சாய்ராமிடமும் சொல்லியிருக்கிறேன். பழைய விலாசத்துக்கு ஒன்று, அந்த ஊர்க் கோயிலுக்கு ஒன்று, நம்மவர்கள் கூடுகிற இடம் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் ஒன்று என்று பிரதி எடுத்து அனுப்பச் சொன்னேன். எங்கேயாவது உன் கையில் கிடைக்கும்.

நீ யாருக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை. நடந்ததைச் சொல்ல வேண்டாம். ஊருக்கு வருகிறேன் என்று எழுத வேண்டாம், போன் செய்ய வேண்டாம். எங்கள் மேல் கோபம் என்றால் அதோடேயே இரு, நான் தாங்கிக்கொள்வேன். எந்த நிலைமையில் இருந்தாலும் நீ என் பிள்ளை, என் ஆயுசையும் சேர்த்து நீ இரு. இது ஒன்றை மட்டும் அம்மாவுக்காகச் செய். அந்தக் கோட்டின் மேல் உன் கையால் உன் பெயரை எழுதி அனுப்பு. பக்கத்தில் அன்றைய தேதியைப் போட மறந்துவிடாதே.

உன் அம்மா
நாகலட்சுமி